பெரிய வாளா, ரெண்டு கத்தியா, கேடயமா? – கேம் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நெறைய ஒரே விஷயத்த சுத்தியே இருந்துச்சு, அதான் எல்லாத்தையும் ஒண்ணா சேத்து வச்சு பதில் சொல்லிடலாம்னு. மேஜைய சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமோட அஞ்சாவது எடிஷன், அத அடிப்படையா வச்சு பெல்ஜியத்து லாரியன் ஸ்டுடியோஸ் 2023 ஆகஸ்ட்ல வெளியிட்ட வீடியோ கேம் பால்டர்ஸ் கேட் 3, இந்த ரெண்டுலயும் கிட்டத்துல நின்னு அடிக்கிற மெலீ கேரக்டருக்கு எந்த ஆயுதம், எந்த ஃபீட் (லெவல் ஏறுறப்ப எடுத்துக்குற தனித் திறமை), எந்த ஸ்டைல்னு தான் எல்லாரும் கேட்டிருக்கீங்க. நான் போட்டிருக்குற கணக்கு 2014 புத்தகத்து ரூல்ஸ்படி. 2024 புத்தகத்துல மாறுனது, பால்டர்ஸ் கேட்ல வேற மாதிரி இருக்குறது, அது வர்ற எடத்துல சொல்லிடுறேன்.

கேள்வி: அண்ணா, புதுசா ஃபைட்டர் (போர்வீரன்) ஆட ஆரம்பிச்சிருக்கேன். கிரேட்சோர்டு (பெரிய வாள்) 2டி6, அதாவது ரெண்டு ஆறு முக டைஸ், கிரேட்ஆக்ஸ் (பெரிய கோடாலி) 1டி12. ரெண்டுக்கும் மேக்சிமம் 12 தானே, அப்ப ரெண்டும் ஒண்ணுதானா, பாக்க கோடாலி தான் கெத்தா இருக்கு.

பதில்: மேக்சிமம் ஒண்ணுதான் தம்பி, ஆனா சண்டையில நமக்கு சோறு போடுறது சராசரி. 12 முகம் இருக்குற ஒத்த டைஸ்ல 1 விழுறதுக்கும் 12 விழுறதுக்கும் ஒரே வாய்ப்பு, சராசரி 6.5. ரெண்டு ஆறு முக டைஸ உருட்டுனா 6, 7, 8 இந்த மூணு எண்ணே 36க்கு 16 தடவ விழும், சராசரி 7, கொறஞ்சது 2. அதுக்கு மேல ஃபைட்டருக்கு கிரேட் வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைல் எடுத்தா டேமேஜ் டைஸ்ல 1, 2 விழுந்தா திருப்பி உருட்டலாம், ஆறு முக டைஸ்ல அது அடிக்கடி நடக்கும்ல, அதனால வாள் 8.33க்கு ஏறும், கோடாலி 7.33ல நிக்கும். ஃபைட்டர்னா வாள்தான், யோசிக்கவே வேணாம். பால்டர்ஸ் கேட்ல முதல் கப்பல்லயே கமாண்டர் ஸால்க் கையில எவர்பர்ன் பிளேடு இருக்கு, 2டி6 கூட 1டி4 நெருப்பு, அத எப்டியாவது புடுங்கிட்டு வந்தா ரொம்ப நேரத்துக்கு வேற வாள் தேட வேணாம்.

கோடாலிக்கும் ஒரு காலம் இருக்கு. மேஜை ரூல்ஸ்படி ஹாஃப்-ஆர்க் இனத்து ஆளு கிரிட் அடிச்சா, அதாவது அடிக்க உருட்டுற 20 முக டைஸ்ல 20 விழுந்து டேமேஜ் டைஸ் ரெண்டு மடங்கு ஆகுறப்ப, ஆயுதத்தோட ஒரு டைஸ் கூடுதலா உருட்டுவான், கோடாலிக்கு அது ஒரு முழு டி12, வாளுக்கு ஒரு டி6 மட்டும். ஆனா கிரிட் எப்பயாவது வர்றது, சாதா அடியில அந்த அரை பாயின்ட் ஒவ்வொரு தடவையும் போகுது. பார்பேரியன் 9-வது லெவல்ல புரூட்டல் கிரிட்டிக்கல்னு இன்னொரு டைஸும் வாங்குவான், அப்ப ஹாஃப்-ஆர்க் பார்பேரியன் ரெண்டு தடவ உருட்டி பெருச எடுக்குற ரெக்லெஸ் அட்டாக் போட்டு அடிச்சா கிரிட்ல கோடாலி சராசரி 26, வாள் 21, அங்கதான் கோடாலி மொத்தக் கணக்குல முந்துது. அதுக்கு முன்னாடி வாளே மேல்.

கேள்வி: கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் தான் பெஸ்ட்னு எல்லாரும் சொன்னாங்கன்னு எடுத்தேன். எடுத்ததுல இருந்து பாதி அடி மிஸ் ஆகுது, வெறுத்துப் போச்சு. எப்பவும் ஆன்லயே வச்சிருக்கேன். ஃபீட்ட மாத்திடவா?

பதில்: மாத்தாதீங்க, எப்பவும் ஆன்லயே வைக்கிறத மட்டும் நிறுத்துங்க. இந்த ஒரு ஃபீட்ட சரியா புரிஞ்சுக்கிட்டா மெலீ கணக்கு மொத்தமும் புரிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

உங்க அடியோட மதிப்புங்கிறது பட்டா எவ்ளோங்கிறது மட்டும் இல்ல, பட்டா எவ்ளோங்கிறத பட வாய்ப்பால பெருக்குனா வர்றது. ஃபீட் என்ன பண்ணுது, அடி படுதான்னு பாக்குற டி20 (20 முக டைஸ்) உருட்டல்ல 5 கொறைச்சு டேமேஜ்ல 10 ஏத்துது. டி20ல 5 கொறைஞ்சா பட வாய்ப்புல 25 சதவீதம் போச்சு. இப்ப 6-வது லெவல் ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 18, கையில கிரேட்சோர்டு, அடிக்க +7, டேமேஜ் சராசரி 11னு வச்சுக்கோங்க, கிரிட்ட கணக்குல விட்டுடுவோம். எதிராளி ஏ.சி. (ஆர்மர் கிளாஸ், அடி படணும்னா தொட வேண்டிய எண்) 15னா 8 இல்ல அதுக்கு மேல விழுந்தா போதும், 65 சதவீதம். 11 இன்டு 0.65, ஒரு அடிக்கு 7.15. ஃபீட்ட ஆன் பண்ணா 40 சதவீதம், ஆனா டேமேஜ் 21, பெருக்குனா 8.4. அதாவது மிஸ் நெறைய ஆகும், ஆனாலும் மொத்தத்துல லாபம். உங்களுக்கு வெறுத்துப் போறதுக்கு காரணம் மிஸ் ஆனது கண்ணுக்கு தெரியுது, பட்டப்ப எதிரி உயிர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கொறைஞ்சது மனசுல நிக்கல.

அதே ஆளு ஏ.சி. 18 இருக்குற ஒருத்தன அடிக்கிறான்னா ஆஃப்ல 5.5, ஆன்ல 5.25. இங்க ஆன் பண்றது நஷ்டம். ஏ.சி. 17ல 6.05க்கு 6.3, கிட்டத்தட்ட சமம். அப்ப கோடு 17க்கும் 18க்கும் நடுவுல இருக்கு, ஆனா அது இந்த ஆளுக்கு மட்டும்தான், உங்களுக்கு வேற.

பொதுவா ஒரு சூத்திரம் சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க. ஃபீட் இல்லாம உங்க சராசரி டேமேஜ் எவ்ளோவோ அதோட 10 கூட்டி 2.5ஆல பெருக்குங்க. வர்ற எண்ண விட உங்க பட வாய்ப்பு சதவீதம் அதிகமா இருந்தா ஆன், கம்மியா இருந்தா ஆஃப். டேமேஜ் 11னா 21 இன்டு 2.5, 52.5. மேஜிக் வாள் கெடைச்சு டேமேஜ் 15க்கு ஏறிடுச்சா, கோடு 62.5க்கு போயிடும், 20 ஆயிடுச்சா 75. கவனிச்சீங்களா, வாள் நல்லா ஆக ஆக இந்த ஃபீட்ட ஆன் பண்ண இன்னும் நல்ல வாய்ப்பு தேவைப்படுது, ஏன்னா மிஸ் ஆனா எழக்குறது பெருசாகுது. பால்டர்ஸ் கேட்ல எதிரி மேல கர்சர வச்சாலே சதவீதம் காட்டும், ஆன்ல ஒரு தடவ ஆஃப்ல ஒரு தடவ பாத்துட்டு மனசுக்குள்ளயே பெருக்கிக்கலாம்.

இந்த சூத்திரம் அட்வான்டேஜ் இல்லாத சாதா உருட்டலுக்கு. அட்வான்டேஜ் கெடைச்சா, அதாவது ரெண்டு டி20 உருட்டி பெருசு எடுக்குறப்ப, கதையே வேற. அதே ஏ.சி. 15க்கு ஆஃப்ல 9.65, ஆன்ல 13.44. ஏ.சி. 18க்கு கூட ஆன் தான் மேல, 9.19க்கு 8.25. அதனால இந்த ஃபீட்ட எடுத்தவங்க அடுத்து தேட வேண்டியது பெரிய வாள் இல்ல, அட்வான்டேஜ். பார்பேரியனா இருந்தா ரெக்லெஸ் அட்டாக், டீம்ல யாராவது ஃபேரி ஃபயர் மந்திரம் போடுவாங்களான்னு கேளுங்க, கிளெரிக் (குணப்படுத்துற பூசாரி) கிட்ட பிளெஸ் மந்திரம் கேளுங்க, அது உருட்டல்ல ஒரு டி4 ஏத்தும், அந்த மைனஸ் 5ல சராசரியா பாதி திரும்பி வந்துடும். பேட்டில் மாஸ்டர் ஃபைட்டர்னா உருட்டல ஏத்துற பிரிசிஷன் அட்டாக் டைஸ இதுக்குன்னே எடுத்து வச்சுக்கலாம்.

இன்னொண்ணு, எதிரிக்கு உயிர் எவ்ளோ மிச்சம்னு பாருங்க. மேஜை ஆட்டத்துல சாதா காப்ளினுக்கு 7 ஹிட் பாயின்ட். உங்க 2டி6 கூட 4, ரெண்டு டைஸ்லயும் 1 விழுந்தா தவிர ஒரே அடியில செத்துடும். அங்க போயி மைனஸ் 5 வாங்கி 21 அடிச்சா மிச்சம் 14 யாருக்கு? ஆஃப் பண்ணி அடிச்சு விழ வச்சீங்கன்னா இதே ஃபீட்டோட ரெண்டாவது பாதி வேல செய்யும், ஒருத்தன விழ வச்சா இல்ல கிரிட் அடிச்சா போனஸ் ஆக்ஷன்ல (டர்னுக்கு ஒண்ணு கெடைக்குற கூடுதல் செயல்) இன்னொரு அடி. எதிர்ல ஓகர் நிக்குதா, ஏ.சி. 11, ஹிட் பாயின்ட் 59, அங்க கண்ண மூடிட்டு ஆன் பண்ணுங்க, 9.35 இருந்த எடத்துல 12.6 வரும்.

கேள்வி: 4-வது லெவல்ல இருக்கேன், ஸ்ட்ரெங்த் 16. அத 18 ஆக்கவா, இல்ல மேல சொன்ன ஃபீட்டா?

பதில்: அடுத்த லெவல் கணக்கே போட்டுடலாம். ஸ்ட்ரெங்த் 18 ஆக்குனா 5-வது லெவல்ல ஏ.சி. 15 மேல ஒரு அடிக்கு 7.15. ஸ்ட்ரெங்த் 16லயே நின்னு ஃபீட் எடுத்து ஆன்ல அடிச்சா 7. அதாவது ஒண்ணுமே வித்தியாசம் இல்ல, ஸ்ட்ரெங்த் ஏத்துனா தள்ளுறது, ஏறுறது, ஆபத்துல இருந்து தப்பிக்க உருட்டுற சேவிங் த்ரோ எல்லாத்துக்கும் சேத்து உதவும். அட்வான்டேஜ் இருந்தா மட்டும் ஃபீட் 11.55, ஸ்ட்ரெங்த் 9.65. அதனால பார்பேரியன்னா ஃபீட் முதல்ல, ரெண்டாவது யோசனையே இல்ல. ஃபைட்டருக்கு 6-வது லெவல்லயே இன்னொரு வாய்ப்பு வருது, உங்க டீம் அட்வான்டேஜ் குடுக்குற டீம் இல்லன்னா ஸ்ட்ரெங்த்த முதல்ல ஏத்திட்டு ஃபீட்ட 6ல எடுங்க.

கேள்வி: எங்க குரூப்ல ஷீல்டு புடிச்சா பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்றாங்க. ரெண்டு கையிலயும் வாள் வச்சிருக்குறவன்தான் ஹீரோ அவங்களுக்கு. நெஜமாவே ரெண்டு வாள் அவ்ளோ அடிக்குமா சார்?

பதில்: முதல் நாலு லெவல் வரைக்கும் அவங்க சொல்றது உண்மைதான். 1-வது லெவல், ஸ்ட்ரெங்த் 16, எல்லாரும் அவங்கவங்களுக்கு ஏத்த ஸ்டைல் எடுத்திருக்காங்கன்னு வச்சு, எல்லா அடியும் பட்டா ஒரு டர்ன்ல ரெண்டு ஷார்ட்சோர்டு 13, கிரேட்சோர்டு 11.33, லாங்சோர்டும் ஷீல்டும் டூவலிங் ஸ்டைலோட 9.5.

ஆனா 5-வது லெவல்ல ஒரு டர்ன்ல ரெண்டு தடவ அடிக்க விடுற எக்ஸ்ட்ரா அட்டாக் வந்ததும் தலைகீழா மாறுது. எக்ஸ்ட்ரா அட்டாக் பெருக்குறது முதல் கைய மட்டும்தான், ரெண்டாவது கை போனஸ் ஆக்ஷன்ல ஒரே ஒரு அடி, அது 1-வது லெவல்லயும் ஒண்ணு 20-வது லெவல்லயும் ஒண்ணு. 6-வது லெவல்ல ஸ்ட்ரெங்த் 18 வச்சு பாத்தா கிரேட்சோர்டு 24.67, ரெண்டு வாள் 22.5, ஷீல்டுக்காரன் 21. 11-வது லெவல்ல ஃபைட்டருக்கு மூணு அடி, ஸ்ட்ரெங்த் 20, கிரேட்சோர்டு 40, ஷீல்டுக்காரன் 34.5, ரெண்டு ஷார்ட்சோர்டு 34. திரும்ப படிங்க, ஷீல்டு புடிச்சவன் ரெண்டு வாள் வச்சவன விட அதிகமா அடிக்கிறான், அதுவும் போனஸ் ஆக்ஷன தொடாம. ரெண்டு வாள்காரனுக்கு ஒவ்வொரு டர்னும் போனஸ் ஆக்ஷன் அங்கயே போயிடுது, செகண்ட் விண்டு போட்டு உயிர ஏத்தணும்னா அன்னிக்கு ரெண்டாவது வாள் சும்மா கையில இருக்கும்.

இப்ப ஷீல்டு என்ன குடுக்குதுன்னு பாருங்க. ஓகர் அடிக்க +6, பட்டா சராசரி 13. செயின் மெயில் மட்டும், ஏ.சி. 16னா 55 சதவீதம் படும். ஷீல்டு புடிச்சா 18, 45 சதவீதம். ஒரு வீச்சுக்கு 7.15 வாங்குறது 5.85 ஆகுது. இதுல ஒரு அழகு என்னன்னா ஆர்மர் நல்லா ஆக ஆக அந்த +2வோட பலன் கூடிக்கிட்டே போகும். பிளேட் ஆர்மர்ல 18 இருக்குறவன் ஷீல்டு புடிச்சு 20 ஆனா +4 வச்சிருக்குற காப்ளினோட வாய்ப்பு 35ல இருந்து 25க்கு எறங்கும், கிட்டத்தட்ட 29 சதவீத அடி கொறையுது. ஃபயர்பால் மாதிரி சேவிங் த்ரோ கேக்குற விஷயத்துக்கு மட்டும் ஷீல்டு உதவாது.

முன்னாடி நிக்கிறவன் விழாம நின்னா கிளெரிக் தன்னோட டர்ன உங்கள எழுப்புறதுல செலவழிக்காம எதிரி மேல செலவழிப்பாங்க, அந்த டேமேஜும் உங்க ஷீல்டு கணக்குலதான் வரணும், ஆனா அத யாரும் எழுதி வைக்கிறது இல்ல. கிண்டல் பண்றவங்களுக்கு இந்த பதில காட்டுங்க.

ரெண்டு ஆயுதம் நெஜமாவே ஜொலிக்கிற எடமும் இருக்கு. ஒவ்வொரு அடிக்கும் தனியா டேமேஜ் ஏறுற ஆளுங்களுக்கு, ரேஞ்சரோட ஹன்டர்ஸ் மார்க் ஒவ்வொரு ஹிட்டுக்கும் 1டி6 குடுக்கும், ஆனா அத போடுறதும் மாத்துறதும் போனஸ் ஆக்ஷன்ல, அந்த டர்ன் மட்டும் இடிக்கும். பால்டர்ஸ் கேட்ல தீஃப் சப்கிளாஸ் 3-வது லெவல்ல ரெண்டு போனஸ் ஆக்ஷன் வாங்குது, அப்ப ரெண்டாவது கைக்கும் ரெண்டு அடி, அங்க தாராளமா ரெண்டு வாள் போங்க.

கேள்வி: ரோக் ஆடுறேன், 5-வது லெவல். ரேப்பியர் ஒண்ணா, ஷார்ட்சோர்டு ரெண்டா? ரெண்டு வச்சா கன்னிங் ஆக்ஷன் (போனஸ் ஆக்ஷன்ல ஓடுறது, ஒளியுறது) போயிடும்னு ஃப்ரெண்டு சொல்றா.

பதில்: உங்க ஃப்ரெண்டு சொல்றது சரிதான்மா, ஆனா ரெண்டையும் ஒரே டர்ன்ல முன்கூட்டியே முடிவு பண்ண வேண்டியது இல்லயே. ரோக்கோட டேமேஜ் வாள்ல இல்ல, ஸ்னீக் அட்டாக்ல இருக்கு, 5-வது லெவல்ல 3டி6, சராசரி 10.5, ஒரு டர்னுக்கு ஒரு தடவ மட்டும். அத எப்டியாவது ஒரு தடவ பட வைக்கணும், அவ்ளோதான் ரோக்கோட வேல. ரேப்பியர்ல ஒரே வாய்ப்பு, 65 சதவீதம்னா டர்னுக்கு 12.35. ரெண்டு ஷார்ட்சோர்டுல ரெண்டு வாய்ப்பு, ரெண்டுல ஒண்ணாவது படுறது 87.75 சதவீதம், மொத்தம் 16.36.

அதனால இப்டி ஆடுங்க. ரெண்டு ஷார்ட்சோர்டு வச்சுக்கோங்க, முதல் அடிய போடுங்க. பட்டுடுச்சா, ஸ்னீக் அட்டாக் போயிடுச்சு, ரெண்டாவது கை அடிச்சா வெறும் 3.5 தான் வரும், அத மறந்துட்டு போனஸ் ஆக்ஷன்ல டிஸ்எங்கேஜ் பண்ணி, அதாவது எதிரி திருப்பி அடிக்காம நழுவி, ஓடி வந்துடுங்க. மிஸ் ஆயிடுச்சா, அப்ப நின்னு ரெண்டாவத வீசுங்க. ரேப்பியருக்கும் ஷார்ட்சோர்டுக்கும் வித்தியாசம் சராசரியா ஒரே ஒரு பாயின்ட், அந்த ஒரு பாயின்ட்டுக்காக ரெண்டாவது வாய்ப்ப விடாதீங்க. இன்னொண்ணு, ஸ்னீக் அட்டாக் டர்னுக்கு ஒரு தடவைன்னு தான் ரூல், ரவுண்டுக்கு ஒரு தடவைன்னு இல்ல, அதனால எதிரி உங்கள தாண்டி ஓடி ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கெடைச்சா, பக்கத்துல நம்ம ஆளு இருந்தா, மேஜை ஆட்டத்துல அதுலயும் ஸ்னீக் அட்டாக் போடலாம்.

கேள்வி: பாலடின் டிவைன் ஸ்மைட்ட (அடி பட்டப்ப ஸ்பெல் ஸ்லாட்ட செலவழிச்சு கூடுதல் டேமேஜ் ஏத்துறது) கிரிட்டுக்குன்னே சேத்து வைக்கணும்னு சொல்றாங்களே?

பதில்: கிரிட்ல டைஸ் ரெண்டு மடங்கு, 2டி8 போயி 4டி8, அது உண்மை. ஆனா கிரிட் வர்றது 100க்கு 5 உருட்டல், அட்வான்டேஜ் இருந்தா கூட 10க்கும் கொஞ்சம் கம்மி. 5-வது லெவல் பாலடினுக்கு 1-வது லெவல் ஸ்லாட் 4, 2-வது லெவல் ஸ்லாட் 2, மொத்தம் ஆறு. கிரிட்டுக்கே காத்திருந்தா தூங்கப் போறப்ப பாதி ஸ்லாட் அப்டியே இருக்கும், அதுக்குள்ள முதல் ரவுண்டுலயே விழ வேண்டிய எதிரி மந்திரவாதி மூணு ரவுண்டு நின்னு மந்திரம் போட்டிருப்பான். ஒரு ஹிட் பாயின்ட் மிச்சம் இருக்குற எதிரியும் முழு உயிரோட இருக்குற எதிரியும் ஒரே மாதிரிதான் அடிக்கிறான், அதனால ஆபத்தானவன சீக்கிரம் கீழ போடுறதுக்கு ஸ்மைட்ட செலவழிங்க, கடைசி ஒரு ஸ்லாட்ட வேணா கிரிட்டுக்கு வச்சுக்கோங்க. அன்டெட் (செத்தும் நடமாடுற பிணம்), ஃபீன்டு (நரகத்து பூதம்) மேல கூடுதலா 1டி8 வரும், அங்க தயங்கவே வேணாம். 2024 புத்தகத்துல ஸ்மைட் போனஸ் ஆக்ஷன்ல போடுற ஸ்பெல்லா மாறிடுச்சு, ஒரு டர்ன்ல ரெண்டு ஸ்மைட் இனிமே கெடையாது.

கேள்வி: ஒரு அடிய விட்டுட்டு எதிரிய கீழ தள்ளி விடுறது வொர்த்தா? எங்க டி.எம். (ஆட்டத்த நடத்துறவர்) அடிக்கடி தள்ளிவிடுங்கடான்னு சொல்றார்.

பதில்: தனியாளா பாத்தா நஷ்டம், கூட்டமா பாத்தா பெரிய லாபம், ஆனா யாரு டர்ன் எப்ப வருதுங்கிறதுல தான் எல்லாமே இருக்கு. ரெண்டு அடி இருக்குறவன் 65 சதவீதத்துல அடிச்சா சராசரி 1.3 ஹிட். ஒரு அடிய குடுத்துட்டு தள்ளுறான், 60 சதவீதம் தள்ளு ஜெயிக்குதுன்னு வச்சாலும் மிச்சம் இருக்குற ஒரு அடிக்கு 0.79 ஹிட் தான் வரும். அரை ஹிட் போச்சு.

ஆனா கீழ விழுந்தவன அஞ்சு அடி தூரத்துக்குள்ள நிக்கிற எல்லாரும் அட்வான்டேஜோட அடிக்கலாம். உங்களுக்கு அப்புறம், அந்த எதிரியோட டர்னுக்கு முன்னாடி, கிரேட்சோர்டு பார்பேரியனும் பாலடினும் வர்றாங்கன்னா நீங்க விட்ட அரை ஹிட்ட அவங்க வட்டியோட எடுப்பாங்க. உங்களுக்கு அடுத்து உடனே எதிரி டர்ன்னா, அவன் பாதி நடைய செலவழிச்சு எந்திரிச்சுடுவான், சும்மா போச்சு. உங்க டீம்ல மிச்ச பேரு வில்லாளின்னா இன்னும் மோசம், கீழ கெடக்குறவன தூரத்துல இருந்து அடிச்சா டிஸ்அட்வான்டேஜ்.

இதுக்கு மேல ஒரு படி இருக்கு, முதல் அடிக்கு பதிலா கட்டிப் புடிங்க, ரெண்டாவதுக்கு பதிலா கீழ தள்ளுங்க. புடிபட்டவனோட நடை பூஜ்ஜியம், பூஜ்ஜியத்துல பாதி செலவழிக்க முடியாது, எந்திரிக்கவே முடியாது. புடிய விடுவிச்சாதான் எந்திரிப்பான், அதுக்கு அவன் தன்னோட ஆக்ஷன செலவழிக்கணும், அதுவே நமக்கு லாபம். ஒரு கை காலியா இருக்கணும், உங்கள விட ஒரு சைஸ் வரைக்கும் பெருசா இருக்குறத தான் புடிக்கலாம், வளந்த டிராகன் முன்னாடி இது நடக்காது. ரேஜ்ல (ஆவேசத்துல) இருக்குற பார்பேரியனுக்கு ஸ்ட்ரெங்த் செக்ல அட்வான்டேஜ், இந்த வேலைக்குன்னே பொறந்தவன் மாதிரி. என்னைக் கேட்டா மேஜை ஆட்டத்துல ஆளுங்க தொடாம விட்டு வச்சிருக்குற பெரிய ஆயுதம் இதுதான், கத்திக்கு மேல கத்தி தேடுறவங்க ஒரு தடவ இத ஆடிப் பாக்கணும்.

பால்டர்ஸ் கேட்ல ஷவ் போனஸ் ஆக்ஷன், கீழ விழ வைக்காது, தூரத் தள்ளும். அதனால மலை விளிம்பு, உடைஞ்ச பாலம் பக்கத்துல எதிரி நின்னா வாள தொடுறதுக்கு முன்னாடி அத பாருங்க.

கேள்வி: கிளேவ் (நீளக் கம்பு நுனியில கத்தி) வச்சு போல்ஆர்ம் மாஸ்டர், சென்டினல் ரெண்டு ஃபீட்டும் சேத்து எடுத்தா சீட்டிங் மாதிரின்னு சொல்றாங்க, ஏன்?

பதில்: கிளேவ் பத்து அடி தூரம் எட்டும். போல்ஆர்ம் மாஸ்டர் இருந்தா உங்க எல்லைக்குள்ள யாராவது கால் வச்சாலே ரியாக்ஷன்ல (அடுத்தவன் டர்ன்ல கூட நீங்க செய்யுற செயல்) ஒரு அடி. சென்டினல் இருந்தா அந்த அடி பட்டவனோட நடை அந்த டர்னுக்கு பூஜ்ஜியம். ரெண்டையும் சேத்தா வாள் வச்சவன் பத்து அடி தூரத்துலயே நின்னுடுவான், அவன் வாள் அஞ்சு அடி தான் எட்டும். ரவுண்டுக்கு ஒரு ரியாக்ஷன் தான், மூணு பேரு ஒண்ணா வந்தா ஒருத்தன தான் நிறுத்தலாம், அதனால சீட்டிங்னு சொல்ல மாட்டேன். தாக்குதலுக்கும் நல்லது, கம்போட பின்பக்கத்தால போனஸ் ஆக்ஷன்ல 1டி4 அடி, 6-வது லெவல்ல ஸ்டைல் எதுவும் சேக்காம எல்லாம் பட்டா 25.5, அதே கணக்குல கிரேட்சோர்டு 22.

கேள்வி: டேகர் ஏன் இவ்ளோ மட்டமா 1டி4? நெஜத்துல கத்திக்குத்து பட்டா ஆளு செத்துடுவானே!

பதில்: 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல எந்த ஆயுதத்துல அடிச்சாலும் 1டி6 தான், டேகரோ பெரிய வாளோ எல்லாம் ஒண்ணு. 1975ல வந்த கிரேஹாக் சப்ளிமென்ட்ல தான் ஆயுதத்துக்கு ஆயுதம் டேமேஜ் மாறுச்சு, அதுல இருந்து தான் எது பெஸ்ட்ங்கிற இந்த வாதமும். இன்னிக்கு ரூல்ஸ்ல டேகர மட்டம்னு சொல்ல முடியாது, ஃபினெஸ் (ஸ்ட்ரெங்த்துக்கு பதில் சுறுசுறுப்பால அடிக்கலாம்), லைட் (ரெண்டு கையிலயும் புடிச்சு அடிக்கலாம்), தூக்கி எறியலாம், மூணும் ஒண்ணா இருக்குற மெலீ ஆயுதம் அது ஒண்ணுதான். ரோக் கையில குடுத்தா ஸ்னீக் அட்டாக் டைஸ் முன்னாடி 1டி4க்கும் 1டி6க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பாயின்ட் தான்.

கேள்வி: 2024 புத்தகத்துக்கு மாறலாமான்னு குரூப்ல பேச்சு. மெலீ ஆளுங்களுக்கு நல்லதா கெட்டதா?

பதில்: ரொம்ப நல்லது, நான் ஆசையா வரவேற்குற மாற்றம். வெப்பன் மாஸ்டரின்னு ஒண்ணு வந்திருக்கு, ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர், ரோக் அஞ்சு பேருக்கும், ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு தனி குணம். மால், போர்க்கோடாலி, நீளக் கம்பு இதெல்லாம் அடி பட்டா எதிரிய விழ வைக்கப் பாக்கும், அதுக்குன்னு ஒரு அடிய விட வேண்டியது இல்ல. லாங்சோர்டு பட்டவனோட அடுத்த அடிக்கு டிஸ்அட்வான்டேஜ், ஷீல்டுக்காரங்களுக்கு இது எவ்ளோ பெருசுன்னு மேல இருக்குற ஓகர் கணக்குலயே தெரியும். கிரேட்ஆக்ஸ் பக்கத்துல நிக்கிற இன்னொருத்தனையும் சேத்து வெட்டும், கடைசியா கோடாலிக்குன்னு ஒரு வேல வந்துச்சு.

ரெண்டு வாள்காரங்களுக்கு நிக்னு ஒரு குணம், ஸிமிட்டார், டேகர், சிக்கிள், லைட் ஹேமர்ல இருக்கு. ரெண்டாவது கை அடி போனஸ் ஆக்ஷன்ல இல்லாம அட்டாக் ஆக்ஷன் உள்ளயே வந்துடும். ரோக்குக்கு ரெண்டாவது வாய்ப்பும் கெடைக்குது, டிஸ்எங்கேஜ் பண்ணி ஓடவும் முடியுது, முன்னாடி நான் சொன்ன யோசிச்சு ஆடுற முறையே தேவைப்படாது.

கிரேட் வெப்பன் மாஸ்டர்ல அந்த மைனஸ் 5, பிளஸ் 10 போயிடுச்சு. அதுக்கு பதிலா ஸ்ட்ரெங்த் ஒண்ணு ஏறும், உங்க டர்ன்ல அட்டாக் ஆக்ஷன்ல கனமான ஆயுதத்தால அடிக்கிற ஒவ்வொரு ஹிட்டுக்கும் புரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோட ஏறுற எண்) டேமேஜ்ல சேரும். கிரேட்சோர்டுக்கு கிரேஸ்னு ஒரு குணம், மிஸ் ஆனாலும் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் அளவுக்கு டேமேஜ் போகும். அதே 6-வது லெவல் ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 18னே வச்சு பழைய கணக்க போட்டா, ஏ.சி. 15 மேல பழசுல ஆன் பண்ணி 8.4, புதுசுல 10.5. ஏ.சி. 18ல பழசு 5.5, புதுசு 9. அட்வான்டேஜ் இருந்தா மட்டும் ஏ.சி. 15ல பழசு 13.44, புதுசு 12.78, மயிரிழை வித்தியாசம். அட்வான்டேஜ வேட்டையாடி ஆடுற பார்பேரியன் உங்க குரூப்ல இருந்தா அவருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தமா இருக்கும், அவர்கிட்ட கேட்டுட்டு மாறுங்க.